இடம் மாறிய ஒயில் கசிவு

அப்பா சாகும்போது வீட்டைத் தம்பிக்கும் காரை எனக்கும் விட்டுப்போனார். அப்போது அதை யாரும் பெரிய விஷயமாக எடுக்கவில்லை. வீடு முந்தல் ஊரில், தென்னங்காணியோடு சேர்ந்தது. கார், அப்பா ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து வாங்கிய பழைய ஆமைக் கார், ஆமை ஓடு போலக் கூரை வளைந்தது. என்ஜின் பின்னால் இருக்கும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, காற்றிலேயே குளிரும். "உனக்குத்தான் அதின்ட குணம் தெரியும், நீயே வைச்சிரு" என்று அப்பா கட்டிலில் கிடந்தபடி சொன்னபோது தம்பியும் பக்கத்தில்தான் நின்றான். "ஓம், அக்காதான் ஓட்டோணும்" என்று அவனும் சொன்னான்.

நான் கணக்கு ரீச்சர். கல்யாணம் செய்யவில்லை. கொஞ்சம் தள்ளி எனக்கென்று ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு தனியாக இருக்கிறேன். பள்ளிக்கூடம் களப்புக்கு, அந்த உப்புநீர் ஏரிக்கு, அந்தப் பக்கம், பஸ் ஒழுங்காக ஓடாத வீதியில். அதனால் அந்தக் கார் எனக்கு வெறும் ஞாபகப் பொருளாக இருக்கவில்லை. காலையில் அது ஸ்டார்ட் ஆனால்தான் நான் முதல் பாடத்துக்குப் போய்ச் சேர முடியும்.

காரைப் பார்த்துக்கொள்வதைத் தம்பியும் நானும் சேர்ந்துதான் பழகினோம். அப்பாவுக்குப் பொறுமை இல்லை. பழுது என்றால் பெட்டியைத் திறந்துவைத்து ஏசுவார். நாங்கள்தான் குனிந்து பார்ப்போம். தண்ணீர் இல்லாத அந்த என்ஜினைப் பாதி குளிரவைப்பது ஒயில்தான். கொள்வதே இரண்டரை லீற்றர். அது குறைந்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் எல்லாம் போய்விடும். ஆகவே காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது, சமதரையில் நிறுத்தி, அளவுக் கம்பியை இழுத்துப் பார்ப்பது பல்துலக்குவது போல எனக்குப் பழகிப்போனது. ஒயில் மாற்றுகிற நாளில் தம்பி வந்துவிடுவான். கொஞ்ச தூரம் ஓட்டி என்ஜினைச் சூடாக்கிக்கொண்டு வந்து, அடியில் உள்ள வட்டத் தகட்டின் ஆறு சின்ன நட்டுகளையும் கழற்றுவோம். உள்ளே இருக்கும் கம்பி வலையை மண்ணெண்ணெயில் கழுவி, புது காஸ்கட் வைத்துத் திரும்பப் பூட்டுவோம். அந்த ஆறில் ஒன்று ஒருமுறை உருண்டு ஓடையில் விழுந்து தொலைந்தது. அதற்குப் பதிலாகத் தம்பி எங்கிருந்தோ ஒரு பித்தளை நட்டைக் கொண்டுவந்து பூட்டினான். ஐந்து வெள்ளை, ஒன்று மஞ்சள்.

ஒரு டிசம்பர் விடுமுறையில் என்ஜினை முழுதாகவே இறக்கினோம். அது எங்கள் இருவருடைய பெரிய வேலை. அதற்கு முன் அதில் ஒயில் ஒழுகாத இடம் என்று ஒன்றிருக்கவில்லை. வால்வைத் தள்ளும் கம்பிகள் ஓடும் எட்டு மெல்லிய குழாய்களிலும் கசிவு. சொட்டுகள் சூடான சைலன்சரில் விழுந்து, புகைநாற்றத்தோடுதான் நான் பள்ளிக்கூடம் போவேன். என் உடுப்பில் கூட அந்த மணம் நிற்கும். பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள். அப்பாவின் வீட்டுக் கொட்டிலில் இரண்டு நீள மர வாங்குகளைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் என்ஜினை ஏற்றி வைத்து, பகல் முழுக்க அதைச் சுற்றியே நின்றோம். குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் மாற்றினோம். என்ஜினும் கியர்பெட்டியும் சேருமிடத்தில் ஒரு பெரிய வட்ட சீல் உண்டு. கொஞ்சம் சாய்ந்து இறங்கினாலும் அது ஒழுகும். தம்பி ஒன்றை அடித்துக் கெடுத்துவிட்டான். இரண்டாவதை நான் செய்தேன். மரக்கட்டையை வைத்து, சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டி, எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாக இறக்கினேன். "ரீச்சர் கை" என்று அவன் சொன்னான். அந்த வார்த்தையை நான் பல வருடம் மனதுக்குள் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரே ஓர் இடத்தில்தான் கசிந்தது. வலப்பக்க வால்வு மூடியில். அப்பா ஒருமுறை ஜாக்கைத் தவறான இடத்தில் கொடுத்து அதன் விளிம்பு நெளிந்துபோயிருந்தது. கோர்க் காஸ்கட் எத்தனை மாற்றினாலும் அங்கே ஒரு சொட்டு வரும். புது மூடி போடலாம் என்று தம்பி சொல்வான், நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். எங்கே கசிகிறது, எவ்வளவு கசிகிறது என்று தெரிந்தால் எனக்குப் போதும். கார் நிற்கும் இடத்தில் ஒரு கார்ட்போர்ட் மட்டையை விரித்து வைத்திருப்பேன். காலையில் அதில் வலப்பக்கமாக ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். பார்த்துவிட்டுப் போவேன்.

தம்பிக்குக் கற்பிட்டியில், கடலில் பட்டம் கட்டிச் சறுக்க வரும் வெள்ளைக்காரர் தங்குகிற ஒரு ஹோட்டலில் வேலை. கபானாக் குடில்களைப் பார்ப்பது, ஆட்களை ஏற்றி இறக்குவது என்று எல்லா வேலையும் செய்வான். ஒரு ஆகஸ்ட் விடுமுறையில் வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்து கேட்டான்.

"அக்கா, ஒரு கிழமைக்குக் கார் வேணும்."

"என்னத்துக்கு?"

"நம்மட ஹோட்டல்ல ஒரு வெள்ளைக்காரச் சோடி கல்யாணம் செய்யுது. பழைய கார்ல வந்து இறங்கோணுமாம். உங்கடயப் போல வடிவான ஒண்டு அந்தப் பக்கம் இல்ல."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடமும் இல்லை. ஒரு போத்தல் ஒயிலையும் பழந்துணியையும் முன்பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். "காலையில ஒயில் பார். மணலுக்குள்ள இறக்காத. சிவப்பு லைட் பத்தினா உடனே நிப்பாட்டு, பெல்ட் அறுந்திருக்கும்" என்றேன்.

"எனக்கே சொல்றீங்களா?" என்று சிரித்தான்.

ஒரு கிழமை என்றது இன்னும் கொஞ்சம் இழுத்தது. கார் திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தது. கழுவி, மெழுகு பூசி, பெற்றோல் முழுக்க நிரப்பி. அவன் ஒருநாளும் பெற்றோல் நிரப்பிக் கொண்டுவந்து தந்தவனல்ல. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றேன். பஸ் போய்விடும் என்றான். சாவியைக் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதையெல்லாம் நான் பிறகுதான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு, பிள்ளை எவ்வளவு கவனமாகக் கொண்டுவந்து தந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை மட்டையைப் பார்த்தேன். வலப்பக்கம் வட்டம் இல்லை. காய்ந்து கிடந்தது. அந்த நெளிந்த மூடியை மாற்றிவிட்டான் போல, சொல்லாமலேயே ஒரு வேலை செய்து தந்திருக்கிறான் என்று மனம் குளிர்ந்தது. பிறகுதான் நடுவில் பார்த்தேன். நடுவில், சற்று முன்பக்கமாக, கை அகலத்துக்கு ஒயில் தேங்கி நின்றது.

நடுவில் ஒழுகுகிறது என்றால் அது என்ஜினும் கியர்பெட்டியும் சேருமிடம். அந்த சீலைப் பூட்டியது நான். அது ஒழுகக்கூடாது என்றில்லை, ரப்பர்தானே, என்றைக்கோ போகும். ஆனால் ஒரே கிழமையில் ஒன்றுமில்லாமலிருந்து இவ்வளவுக்கு வராது. ஓட்டித்தான் பார்ப்போமே என்று ஏறி ஸ்டார்ட் செய்தேன். சத்தம் வேறு. ஒரு வீட்டில் பக்கத்து அறையில் யார் இருமுகிறார்கள் என்று பார்க்காமலே தெரியும் அல்லவா, அப்படித்தான் எனக்கு அது. இது என் வீட்டு ஆள் இல்லை.

நிறுத்திவிட்டு பின்பெட்டியைத் திறந்தேன். மேலே பார்த்தால் எல்லாம் எங்களுடையதுதான். காற்றாடியை மூடும் தகரத்தில் அப்பா பூசிய கறுப்புப் பெயின்ட், அதே டைனமோ, அதே காபரேட்டர். ஒரு கணம் எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. கூடப்பிறந்தவனைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று. அப்புறம் பாயை விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன். வலப்பக்க மூடி நெளியாமல் நேராக இருந்தது. புதிதல்ல, பழையது, துரு ஏறியது. நடுத் தகட்டில் ஆறு நட்டுகளும் ஒரே நிறம். பித்தளை நட்டு இல்லை.

அப்படியே படுத்துக் கிடந்தேன். ஒரு சொட்டு என் கன்னத்தில் விழுந்தது. அதைத் துடைக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

எழும்பி, டைனமோவுக்குக் கீழே பொறித்திருக்கும் எண்ணையும் பார்த்தேன். வேறு எண்தான். பார்க்காமலே தெரிந்திருந்தது. அந்த என்ஜினை இறக்குவது பெரிய காரியமில்லை. நான்கு இடத்தில் கழற்றி, வயரையும் கேபிளையும் விடுவித்தால் இரண்டு பேர் இறக்கிவிடலாம். மேலே தெரியும் சாமான்களை ஒன்றிலிருந்து கழற்றி மற்றதில் பூட்டுவதற்குத்தான் நேரம் பிடிக்கும். நான் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகவே அவன் அவ்வளவு வேலை செய்திருக்கிறான். அவனுக்கு அதையெல்லாம் செய்யத் தெரிந்தது என்னோடு சேர்ந்து நின்றதால்தான்.

தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"காரில நடுவால ஒயில் ஒழுகுது" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

"ஆ, ஓம் அக்கா. நேத்து ஓடிவரக்குள்ள கொஞ்சம் பாத்தன். பழசுதானே. அந்த சீல் போயிருக்கும். அடுத்த லீவுக்கு வந்து மாத்தித் தாறன்."

"எந்த சீல்?"

"நீங்க போட்டதுதானே."

அந்தப் பதில்தான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. பொய் சொன்னது ஒருபக்கம். பொய்யை என் கைவேலையின் மேலேயே போட்டான். நான் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் பஸ் ஏறிப் பாலாவியில் மாறி, நுரைச்சோலை அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டைத் தாண்டி, கற்பிட்டிக்குப் போனேன். பஸ்ஸுக்குள் ஒரு விளக்கம் தேடிக்கொண்டே போனேன். என்ஜின் அவன் கையில் பழுதாகியிருக்கலாம். சொல்லப் பயந்து வேறொன்றைப் பூட்டியிருக்கலாம். அப்படியிருந்தால் ஏசிவிட்டு மன்னித்துவிடலாம் என்று நான் ஏற்கனவே முடிவு செய்திருந்தேன்.

ஹோட்டலுக்கு உள்ளே போகும் மணல் பாதையில் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. எதிரே ஒரு மஞ்சள் நிற ஆமைக் கார் வந்தது. கூரையில் சறுக்குப் பலகைகள், உள்ளே வெள்ளைக்காரர் இரண்டு பேர். மணலில் சிரமமில்லாமல் ஏறி என்னைக் கடந்து போனது. பார்க்க வேறு கார். கேட்டால் என் கார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எத்தனையோ வருடம் நான் வேலைக்குப் போனேன்.

முதலாளி வெளியே வந்தார். கொழும்பிலிருந்து வந்தவர், இளம் ஆள், தமிழ் நன்றாகக் கதைப்பார். நான் இன்னாருடைய அக்கா என்றதும் முகம் மலர்ந்தது.

"வாங்க மிஸ், இருங்க. உங்களுக்கு நன்றி சொல்லோணும் எண்டு நினைச்சிட்டே இருந்தன். எங்கட என்ஜின் செத்த மாதிரி, மணல்ல ஏறவே இல்ல. உங்கட என்ஜின் வந்த பிறகு பாருங்க, எப்பிடிப் போகுதெண்டு."

"நான் தந்ததெண்டா சொன்னவர்?"

"ஓம். உங்களுக்குக் கண் இப்ப சரியில்லையாமே. இனி ஓட்ட மாட்டீங்க, கார் சும்மாதான் நிக்குது, அக்கா எடுத்துக்கொள்ளச் சொன்னா எண்டு சொன்னவர்." பிறகு, என்னை மகிழ்விக்க நினைத்துத்தான் இதையும் சொன்னார். "அந்த என்ஜின முன்ன ஒருக்கா முழுசா இறக்கி, அவர் தனியாளாவே கழட்டிப் பூட்டினவராமே. நல்ல கை. அதப் பாத்துத்தான் இங்க வாகனம் எல்லாத்தையும் அவர்ட பொறுப்பில விட்டன்."

அவன் என்ஜினை எடுத்துக் கொடுத்ததைக் கூட நான் அந்த இடத்தில் மறந்துபோனேன். அந்த டிசம்பரில் வாங்குகளுக்குப் பக்கத்தில் நின்றது அவன் ஒருவன் மட்டும்தான் என்று ஆகிவிட்டது. அவன் சொன்ன கதையில் நான் கண் தெரியாத ஒரு கிழவியாக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

அந்த நேரம் தம்பி ஹோட்டல் வேனை நிறுத்திவிட்டு வந்தான். என்னைக் கண்டதும் நின்றுவிட்டான். "அக்கா, வாங்க அங்கால போய்க் கதைப்பம்" என்று கடற்கரைப் பக்கம் கூட்டிப் போனான். நானும் போனேன். முதலாளி முன்னால் அவனை வெட்கப்படுத்த அப்போதும் எனக்கு மனமில்லை.

"ஏன் செய்த நீ?"

"அப்பாவின்ட கார்தானே அக்கா. எனக்கும் அதில உரிமை இருக்கு."

"நீயும் பக்கத்தில நிக்கக்குள்ளதானே அப்பா எனக்குத் தந்தவர்."

"அப்ப வாய் திறந்து கேக்க ஏலுமா? அவர் சாகக் கிடந்தவர்."

"வீடு உனக்குத்தானே."

"வீட்ட வைச்சு நான் என்ன செய்றது? இங்க பதினொரு வருஷமா கக்கூஸ் கழுவுறன். ஒரு என்ஜின் குடுத்தா வாகனத்துக்குப் பொறுப்பாளா நிக்கலாம். உங்களுக்கு என்ன, பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும்தானே ஓட்டுறீங்க. அந்த என்ஜினும் ஓடும்."

"கேட்டிருக்கலாமே என்னட்ட."

"கேட்டாத் தந்திருப்பீங்களா?"

"இல்ல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"பிறகென்ன" என்றான், ஏதோ என் பிழையைக் கண்டுபிடித்தவன் போல.

அவன் அழுதிருந்தால் நான் அப்படியே திரும்பி வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் "பிறகென்ன" என்னை முதலாளியிடம் திரும்பி நடக்க வைத்தது. "நான் அந்த என்ஜினத் தரயில்ல. எனக்குத் தெரியாம எடுத்தது. எனக்குக் கண் நல்லாத் தெரியும். கார் எனக்கு ஒவ்வொரு நாளும் வேணும்" என்றேன். அவர் என்னையும் எனக்குப் பின்னால் நின்ற தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "எனக்குத் தெரியாது மிஸ். மன்னிச்சுக்கொள்ளுங்க. திருப்பித் தருவம்" என்றார்.

அந்த ஞாயிறு மாதா கோவிலில் பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது சின்ன லொறி ஒன்றில் என்ஜின் வந்திருந்தது. தம்பியும் ஹோட்டலில் வேலை செய்யும் இன்னொருவரும் வந்திருந்தார்கள். நான் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து முழுதையும் பார்த்தேன். அவன் அந்தப் பழைய என்ஜினை இறக்கி, மேல் சாமான்களைக் கழற்றி எங்கள் என்ஜினில் பூட்டினான். எங்களுடையதை ஜாக்கில் ஏற்றிக் கொண்டுபோய் கியர்பெட்டிக்கு நேரே பிடித்தான். கியர்பெட்டியின் அச்சு என்ஜினுக்குள் போகவில்லை. இரண்டு பேரும் தள்ளினார்கள், அசைத்தார்கள், வியர்வை ஒழுகத் திரும்பத் திரும்பத் தள்ளினார்கள். பெல்ட் ஓடும் பின்பக்கப் புல்லியைக் கொஞ்சம் திருப்பினால் பற்கள் பொருந்தி உள்ளே போய்விடும். அது அவனுக்கும் தெரியும். முன்பு அந்த நேரத்தில் அவன் தள்ள, நான்தான் திருப்புவேன். வந்தவருக்கு அது தெரியவில்லை, இவன் சொல்லவுமில்லை. கேட்கப் பிடிக்காமல் அப்படியே தள்ளிக்கொண்டிருந்தான். என்ஜின் கெட்டுவிடும் என்று எனக்குத் தோன்றியது. எழும்பிப் போய் ஸ்பானரை எடுத்துப் புல்லியைத் திருப்பினேன். என்ஜின் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. நான் திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். அவன் நட்டுகளை இறுக்கினான். போகும்போது, "ஒயில் ஊத்தியிருக்கு" என்று மட்டும் சொன்னான், காரைப் பார்த்தபடி.

வாகனப் பொறுப்பு அவன் கையை விட்டுப் போனது. கொஞ்ச நாளில் ஹோட்டலையும் விட்டுவிட்டான். இப்போது நுரைச்சோலையில் ஒரு கராஜில் வேலை செய்கிறான். எங்கள் சொந்தக்காரர்களில் அதிகம் பேர், ஒரு பழைய என்ஜினுக்காகக் கூடப்பிறந்தவனின் பிழைப்பைக் கெடுத்தவள் என்று என்னைத்தான் சொன்னார்கள். கோவிலில் ஒரு சின்னம்மா என் கையைப் பிடித்து, "உனக்குப் பிள்ளையா குட்டியா, விட்டுக் குடுத்திருக்கலாமே" என்றார். அவரிடம் நான் என்ன சொல்ல? அவன் என் என்ஜினை எடுத்தான் என்று சொன்னால் விளங்கும். நான் செய்த வேலையை எடுத்தான் என்று சொன்னால் யாருக்கு விளங்கப்போகிறது?

இப்போது எல்லா வேலையையும் தனியாகச் செய்கிறேன். வால்வு இடைவெளி பார்க்கும்போது முன்பு அவன் புல்லியைத் திருப்ப நான் மெல்லிய தகட்டை நுழைத்து அளப்பேன். இப்போது எழும்பித் திருப்பிவிட்டு வந்து, படுத்து அளந்துவிட்டு, மறுபடி எழும்புகிறேன். முழங்கால் நோகிறது. ஆனால் முடிகிறது.

போன வருடம் அவனுடைய மகளுக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அவன் மனைவி, என் மச்சாள், வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, "மகள் உங்கட கார்லதான் கோவிலுக்குப் போவனெண்டு அழுறாள். ஒருக்காத் தருவீங்களா?" என்று கேட்டாள். கார் தரமாட்டேன், நானே ஓட்டிவருகிறேன் என்றேன். அன்று காலை அவர்கள் இருக்கும் அப்பாவின் வீட்டுக்குப் போனேன். மகளும் மச்சாளும் பின்னால் ஏறினார்கள். பிள்ளையின் விரிந்த உடுப்பால் பின்னால் இடமில்லாததால் தம்பி முன்னால், எனக்குப் பக்கத்தில் ஏற வேண்டியதாயிற்று. வெள்ளைச் சேர்ட் போட்டு, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தான்.

புகையிரதக் கடவையில் படலை மூடியிருந்தது. நிறுத்தினேன். பிள்ளை பின்னால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தம்பி என் பக்கம் திரும்பாமல், "அக்கா, அண்டைக்கு நான்..." என்று தொடங்கினான். ரயில் வந்துவிட்டது. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். படலை திறந்தது. அவன் மிச்சத்தைச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் தொடங்கினானோ, அல்லது தன் பக்க நியாயத்தை இன்னொருமுறை சொல்லத்தானோ, எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை. கியரைப் போட்டு, தண்டவாளத்தில் கார் குலுங்காமல் மெதுவாக ஏற்றி இறக்கி, அவர்களைக் கோவில் வாசலில் விட்டேன்.